உராய்வுக் குழுவும் மச்சினனின் நாற்காலியும்

வேகக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் கட்டடம் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. அதை அங்கே கொண்டுபோய்க் கட்டிய புண்ணியவான் ஒரு நாளாவது வண்டியில் உட்கார்ந்து கீழே இறங்கிப் பார்த்திருக்க மாட்டார். வாசலில் தொடங்கி கேட் வரைக்கும் ஒரே சரிவு. வழியில் 'நிதானம்' என்று ஒரு பலகை, கொஞ்சம் தள்ளி 'மேலும் நிதானம்' என்று இன்னொரு பலகை, கேட்டுக்குக் கிட்டத்தில் 'நின்றுவிட்டீர்களா?' என்று மூன்றாவது. மூன்று வாசகமும் தலைவரே யோசித்து எழுதியவை. அதற்காகத் தனக்குத் தானே ஒரு பாராட்டு விழாவும் நடத்திக்கொண்டார்.

ஆணையத்துக்கு ஒரு பெரிய வண்டி உண்டு. கறுப்பு நிறம், ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி, ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். உட்காருவது என்னவோ தலைவர் ஒருத்தர்தான். வண்டி விற்கிறவர்கள் எஸ்யூவி என்பார்கள். ஓட்டுநர் வீட்டில் அதற்குப் பெயர் பீரோ. "இன்னைக்கு பீரோ எங்க போச்சு?" என்றுதான் அவர் மனைவி சாயங்காலம் விசாரிப்பாள்.

கேட்டில் காவலாளியாக உட்கார்ந்திருந்தவன் அந்த மனைவியின் ஒரே தம்பி. ஓட்டுநர் அலைந்து திரிந்து, கையைக் காலைப் பிடித்து மச்சினனுக்கு வாங்கிக் கொடுத்த வேலை அது. வேலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில், பாதையை மறிக்கிற ஒரு கம்பம். ஆனால் ஆணையம் ஆணையமாயிற்றே, கம்பத்தைச் சும்மா தூக்க விடுவார்களா? விதி இருந்தது. சொந்த வண்டியே ஆனாலும் கேட்டில் முழுசாக நிற்க வேண்டும். காவலாளி எழுந்து வந்து வண்டிக்கு நேர் முன்னால் நின்று, நம்பர் பலகையை வாய்விட்டுப் படித்து, சல்யூட் அடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கம்பத்தைத் தூக்க வேண்டும். தினமும் பார்க்கிற வண்டியின் நம்பரைத் தினமும் படிப்பதில் மச்சினனுக்கு ஒரு சலிப்பும் கிடையாது. சில நாள் ராகம் போட்டுக்கூடப் படிப்பான்.

ஒரு நாள் காலை, சரிவில் பிரேக்கை மிதித்ததும் முன்சக்கரத்தில் ஒரு சத்தம் வந்தது. அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம். வண்டி நிற்கத்தான் செய்தது, ஆனால் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. நம்பரைப் படிக்கக் குனிந்திருந்த மச்சினன் ரெண்டு எட்டு பின்னால் போய்ப் படித்து முடித்தான். மாமா ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரிக்கவும் செய்தான். ஓட்டுநர் இறங்கி முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

ஆணையத்தின் பின்பக்கம் ஆணையத்துக்கே சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற பட்டறைக்காரருக்கு உலகத்தில் எதைப் பற்றியும் கவலை இல்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேடு தேய்ந்து அடித்தகடு வரைக்கும் வந்துவிட்டது என்றார். அந்தத் தகடு உரசி, சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிற டிஸ்க்கிலும் பள்ளம் விழுந்துவிட்டது, ரெண்டையும் மாற்ற வேண்டும் என்றார். பேட்டில் செராமிக் இருக்கிறது, இரும்புத்தூள் கலந்தது இருக்கிறது. டிஸ்க்கில் வழவழப்பானது, கோடு போட்டது, ஓட்டை போட்டது என்று வகைவகையாய் இருக்கிறது. "எதுன்னு தேர்ந்தெடுத்துச் சொல்லச் சொல்லு. வாங்கிக் குடுத்தா மாட்டறேன். எனக்கென்ன" என்று வாயிலிருந்த பல்குச்சியைப் பக்கம் மாற்றிக்கொண்டார்.

தேர்ந்தெடுப்பது என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஆணையத்துக்கு உயிர் வந்துவிட்டது. வருஷக்கணக்காகத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாமல் வாடிக் கிடந்த இடம் அது. செயலாளர் அன்றைக்கே கூட்டம் கூட்டினார். செயலாளர் மீசையை ஒதுக்காமல் பேச மாட்டார், பேசினால் முடிக்க மாட்டார்.

"பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று உரசும் பொருள்கள். உரசும் தரப்புகள் இரண்டையும் ஒரே குழு தேர்ந்தெடுத்தால் நடுநிலை என்னாவது? ஆகவே பேடுக்கு ஒரு குழு, டிஸ்க்குக்கு ஒரு குழு. இரு குழுவினரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கூடாது" என்றார்.

கைத்தட்டல் எழுந்தது. இரண்டு குழுவிலும் ஆட்கள் அதேதான். பேடுக் குழுவில் பேசியதை டிஸ்க்குக் குழுவில் மறந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

குழுக்கள் முடிவெடுக்கிற வரைக்கும் வண்டியை எடுக்காமல் இருக்கலாமா என்று ஓட்டுநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எப்படி முடியும்? 'நேரத்தில் நில்லுங்கள்' என்ற தலைப்பில் தலைவர் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. போகிற இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டாமா?

ஓட்டுநர் முதல் கியரில் இறக்கினார். கைப்பிரேக்கை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போனது. அப்படியும் பீரோ நாளுக்கு நாள் தள்ளிப் போய்த்தான் நின்றது. மச்சினன் சிரிப்பதை நிறுத்திவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்திக்கொண்டு போனான். கேட்டுக்குள் இருந்த நாற்காலி கேட்டுக்கு வெளியே போனது. பிறகு நடைபாதைக்குப் போனது. பிறகு சாலையைத் தாண்டி எதிரே இருந்த மருந்துக்கடை வாசலுக்கே போய்விட்டது. அங்கிருந்து ஓடி வந்து, நம்பரைப் படித்துவிட்டு, திரும்ப ஓடுவான்.

வீட்டில் இது தெரியாமல் இருக்குமா? தம்பிக்காரன் அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். அவள் அன்று சாப்பாட்டுத் தட்டை வைத்த வேகத்திலேயே ஓட்டுநருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உங்களைக் குத்தம் சொல்லல" என்றாள். "ஆனா அவன் மேல அந்த பீரோ ஏறிச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுல உங்க மூஞ்சிய நானும் பாக்க மாட்டேன், என் மூஞ்சிய நீங்களும் பாக்க முடியாது. அவ்வளவுதான் சொல்லுவேன்."

சண்டை போட்டிருந்தால்கூட ஓட்டுநருக்குத் தேவலை. அவள் அப்படி அடங்கின குரலில் சொன்னது அவரைப் பிடித்து உலுக்கிவிட்டது. அந்தப் பயலைச் சின்ன வயசிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். மறுநாள் நேராகக் குழு அறைக்குப் போய், தன்னையும் கூட்டத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். 'பயனாளர் பிரதிநிதி' என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டி, கதவோரம் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது என்பது அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது.

அன்று பேடு விவாதம். ஆணையத்தின் ஆலோசகர் செராமிக் பக்கம். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால்தான் தன் கருத்தில் பாரபட்சம் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். செராமிக் சத்தம் போடாது, தூசு விடாது, ஆணையத்தின் வண்டி கீச்சிடுவது ஆணையமே கீச்சிடுவது போலாகும் என்றார். செயலாளர் இரும்புத்தூள் பக்கம். கனமான வண்டி, நீளமான சரிவு, சூடேறினாலும் பிடி விடாதது வேண்டும் என்றார். கேட்டுக்கொண்டிருந்த ஓட்டுநருக்கு ரெண்டுமே நியாயமாகத்தான் பட்டது. இவர்களில் யாராவது ஒருத்தர் சட்டுபுட்டென்று ஜெயித்துத் தொலைய மாட்டார்களா என்றிருந்தது.

தலைவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. செராமிக் என்றால் பீங்கான்தானே? பீங்கான் உடையுமே? பரிசோதிக்காமல் வாங்கலாமா? தன் காபிக் கோப்பையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி உயரத் தூக்கி, கீழே விட்டார். உடைந்தது. செராமிக் முதல் கட்டச் சோதனையில் தேறவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். ஆலோசகர் விடுவாரா? நியாயம் ரெண்டு பக்கமும் வேண்டும் என்று மேஜைமேல் காகிதத்துக்குப் பாரமாக இருந்த இரும்புக் குண்டை எடுத்துப் போட்டார். குண்டு உடையவில்லை, தரையில் பதித்திருந்த கல் உடைந்தது. இரும்பு பிற பொருள்களுக்குத் தீங்கு செய்யும் என்று அதையும் குறித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் அதே ஆட்கள் டிஸ்க்குக் குழுவாக மாறி உட்கார்ந்தார்கள். ஓட்டை போட்ட டிஸ்க் முதலிலேயே வெளியே போனது. ஓட்டை விழுந்த பொருளை ஆணையம் வாங்கக் கூடாது என்று தண்ணீர் வாளிக்காக எப்போதோ போட்ட விதி ஒன்று இருந்தது. மிச்சம் வழவழப்பானதும் கோடு போட்டதும். ஆலோசகர் வழவழ என்றார், செயலாளர் கோடு என்றார். பதவியில் இருவரும் சமம், வயதில் இருவரும் சமம், பிடிவாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறுபடி கூடினார்கள், மறுபடியும் கூடினார்கள். கடைசியில் தலைவர் எழுந்து நின்றார். எழுந்தால் தீர்ப்பு என்று அர்த்தம்.

"வண்டிக்கு முன்பக்கம் இரண்டு சக்கரங்கள். ஆணையத்தில் இரண்டு கருத்துகள். இயற்கையே நமக்கு வழி காட்டியிருக்கிறது. இடது சக்கரத்தில் ஆலோசகர் சொன்ன செராமிக்கும் வழவழப்பான டிஸ்க்கும். வலது சக்கரத்தில் செயலாளர் சொன்ன இரும்புத்தூளும் கோடு போட்ட டிஸ்க்கும். தோற்றவர் என்று யாரும் இல்லாத முடிவு இது."

ஆலோசகரும் செயலாளரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஓட்டுநர் அட்டையின் பின்பக்கத்தை மறந்து எழுந்துவிட்டார். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் பூட்ஸும் போட்டு நடக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறதே, வண்டி ஒரு பக்கமாக இழுக்காதா என்று கேட்டார். தலைவர் கோபப்படவில்லை. ஒரு பாவமான ஜீவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பிரேக் ஆணையத்துடையது, கால் உன்னுடையது" என்றார். "அவரவர் அவரவர் பொருளைப் பார்த்துக்கொண்டால் போதும்."

கடையில் பேடும் டிஸ்க்கும் ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஜோடியாகத்தான் கிடைக்கும். ஆகவே ரெண்டு வகையிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கினார்கள். பட்டறைக்காரர் முடிவுப்படியே மாட்டினார். மிச்சமான பாதியும் பாதியும் பட்டறை அலமாரியில் ஏறியது. இது சரிதானா என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "சரியில்லதான். எனக்கென்ன" என்றார்.

வண்டி இப்போது நின்றது. ஆனால் எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது. காலையில் பிரேக் குளிர்ந்திருக்கும்போது மிதித்தால் செராமிக் முந்திப் பிடித்து இடது பக்கம் இழுக்கும். நாலு தடவை மிதித்துச் சூடேறிவிட்டால் இரும்புத்தூள் முந்திப் பிடித்து வலது பக்கம் இழுக்கும். இடமா வலமா என்று பீரோ முடிவெடுக்கிற அந்த ஒரு நொடியில் ஓட்டுநர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். மச்சினன் பிழைக்கத் தெரிந்தவன். காலையில் வலது ஓரம், மத்தியானம் இடது ஓரம் என்று நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, நம்பரையும் பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்த்தே படித்தான்.

இது செயலாளர் கண்ணில் பட்டது. காவலாளி ஒரு நிலையில் நிற்காமல் இடமும் வலமும் அலைபாய்கிறான் என்று அவருக்கு மனவருத்தம். மறுநாளே பெயின்ட் வந்தது. கேட்டுக்கு முன்னால், பாதையின் நட்டநடுவில், வெள்ளையாக ஒரு வட்டம் போட்டார்கள். வண்டி வரும்போது காவலாளி அந்த வட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும், வெளியே கால் வைத்தால் வேலை போய்விடும்.

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். டீ ஆறிப்போனது. வேலையை விட்டுவிடட்டுமா மாமா என்று கேட்டான். அவனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். வேலை போனால் அதுவும் போகும். ஓட்டுநர் மனைவி அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

விடுமுறை நாளன்று காலையில் பட்டறைக்குப் போனார். அலமாரியில் கிடக்கிற மிச்ச செராமிக்கையும் வழவழ டிஸ்க்கையும் வலது சக்கரத்தில் மாட்டிவிட்டால் ரெண்டு பக்கமும் ஒன்றாகிவிடுமே என்றார். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நஷ்டமும் இல்லை, ஒரு உசுரு பிழைக்கும் என்றார். காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தார். அதற்கு அவசியம் வரவில்லை. "மாட்டிட்டாப் போச்சு. எனக்கென்ன" என்று பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுத்தார்.

மறுநாள் பீரோ சரிவில் இறங்கி, கோடு பிடித்த மாதிரி நேராக வந்து, வட்டத்துக்கு முன்னால் பூப்போல நின்றது. மச்சினன் நம்பரை ராகம் போட்டுப் படித்தான். கம்பம் உயர்ந்தது. ஓட்டுநர் வெளியே எதையும் காட்டிக்கொள்ளவில்லை, உள்ளுக்குள் அழுதார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் வண்டி நேராக நிற்பதைத் தலைவர் கவனித்துவிட்டார். ஆணையம் எடுத்த ஒரு முடிவு பலித்தது அதுதான் முதல் தடவை. விழா எடுக்காமல் இருப்பாரா?

மேடை போட்டார்கள். போக்குவரத்து அதிகாரிகள், பள்ளி நிர்வாகிகள், ஆம்புலன்ஸ் நடத்துகிறவர்கள் என்று நாற்காலி நிறைந்தது. ஓட்டுநரின் மனைவியும் முன்வரிசைக்குப் பின்னால் ஓர் ஓரமாக வந்து நின்றாள். மச்சினன் துவைத்துத் தேய்த்த சீருடையில் வட்டத்துக்குள் நின்றான். ஓட்டுநர் மேலேயிருந்து இறக்கி வந்து, அவன் சட்டைப் பொத்தான் தெரிகிற தூரத்தில் நிறுத்திக் காட்டினார். போட்டோக்காரர் கோட்டைவிட்டதால் இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. சூடேறியும் வண்டி இம்மி விலகவில்லை. கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இடம் ஒன்று, வலம் ஒன்று. இதுதான் நாம் கண்டுபிடித்த சமநீதிப் பிரேக். ஒரே மாதிரி பேடுகளை இருபுறமும் மாட்டும் பழைய மூடப்பழக்கம் இன்றோடு ஒழிகிறது. அடுத்த மாதம் தொடங்கி பள்ளிப் பேருந்து, ஆம்புலன்ஸ் அனைத்திலும் இந்த முறை கட்டாயம். குழந்தைகளிடமிருந்தே நாம் தொடங்குவோம்."

ஒரு மச்சினனைக் காப்பாற்றப் போய் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் வட்டத்துக்குள் நிறுத்திவிட்டோமே என்று ஓட்டுநருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வேலையும் மச்சினன் வேலையும் பத்திரம். மனைவியைப் பார்த்தார். அவளுக்கு விடுமுறை நாள் விஷயம் தெரியும். அவள் தலையை மெல்ல ஆட்டினாள். சொல்லிவிடுங்கள் என்று அர்த்தம்.

ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்கி மேடைக்குக் கிட்டே போனார். "ஐயா, அதுல இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் மாட்டியிருக்கு" என்றார். மைக்கில் அது நன்றாகவே கேட்டது.

செயலாளரும் ஆலோசகரும் குனிந்து தலைவருக்கு ஆளுக்கொரு காதில் ஏதோ சொன்னார்கள். அனுமதி இல்லாமல் நேராக நின்றது பெரிய குற்றம் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பட்டறைக்காரரை அழைத்து விசாரித்தார்கள். "மாட்டச் சொன்னாரு, மாட்டினேன். எனக்கென்ன" என்றார் அவர். முடிவில் இருந்தபடியே திரும்ப மாட்ட வேண்டும், விருந்தினர் முன்னால் வண்டியை மறுபடி இறக்கிக் காட்ட வேண்டும், மற்ற நடவடிக்கை பிறகு என்று தலைவர் அறிவித்தார். விருந்தினர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பட்டறைக்காரர் மாற்றி மாட்டிவிட்டார்.

ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். நேராக வட்டத்துக்குப் போனார். அங்கே நின்றிருந்த மச்சினனின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, அவன் அக்காவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் மேடையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஓட்டறேங்க ஐயா. நீங்க சொன்னா இப்பவே ஓட்டறேன். ஆனா வட்டத்துல இவன் நிக்க மாட்டான். தேர்ந்தெடுத்தவங்க வந்து நில்லுங்க."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர், இடது சக்கரம் ஆலோசகருடையது, காலையில் வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும், ஆகவே அவர் நிற்பதே முறை என்றார். ஆலோசகர், இப்போது மத்தியானமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்தினார். தலைமை தாங்குகிறவர் நிற்பதுதான் அழகு என்று பின்னாலிருந்து யாரோ சொன்னதும் தலைவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. பள்ளி நிர்வாகிகள் ஒவ்வொருவராக எழுந்து பின்பக்கமாக நழுவினார்கள்.

இருமி முடித்துத் தலைவர் தீர்ப்பு சொன்னார். வட்டத்துக்குள் நிற்கத் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைக்கப்படும். அக்குழு முடிவு சொல்லும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. புதிய பிரேக் முறையும் அதுவரை நிறுத்தி வைக்கப்படும். ஓட்டுநர்மீது நடவடிக்கையும் அதற்குப் பிறகுதான்.

அந்தக் குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. ஆலோசகர் ஒரு பெயர் சொன்னால் செயலாளர் ஒரு பெயர் சொல்கிறார். பள்ளிப் பேருந்துகள் பழைய மூடப்பழக்கத்தோடு ஒழுங்காக நின்று நின்று போகின்றன. பீரோ மேட்டின் உச்சியில் நிற்கிறது, ஓட்டுநர் தினமும் அதைத் துடைத்துப் பளபளவென்று வைக்கிறார். தலைவர் மூன்று பலகைகளையும் படித்துக்கொண்டே சரிவில் நடந்து இறங்குகிறார்.

கீழே மச்சினன் நாற்காலியை வட்டத்துக்கு நட்டநடுவில் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஊரிலேயே ஆபத்தில்லாத இடம் இப்போது அதுதான்.